தண்ணீரில் மூன்று பேர்

லைப்சிக்
28 ஜனவரி 2024

ஆரணி அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம் என்றுதான் முதல் வரியில் எழுத வேண்டும். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு எப்படி? சீனி வருத்தக் குளிசையைத் தருகிறார்களா? பொலிசார் உங்களைக் கூட்டிக்கொண்டு போன காலையில் நீங்கள் குளிசை போடவில்லை. அது மேசையில் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. பத்தொன்பது நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கலியாணம் கட்டி இருபது வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சட்டத்தரணி லிண்ட்னர் அம்மா எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். தொலைபேசியில் தமிழ் கதைக்க விடமாட்டார்கள். சந்திப்பு மாதத்துக்கு ஒன்று, அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து. கடிதம் எத்தனையும் எழுதலாம், ஆனால் ஒவ்வொன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து நீதிபதி வாசித்த பிறகுதான் கையில் கொடுப்பார்கள். போக மூன்று கிழமை, வர மூன்று கிழமை, ஒரு கேள்விக்குப் பதில் வர ஒன்றரை மாதம். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

ஆகவே எழுதவில்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன்னர் அகதி விசாரணையில் நீங்கள் சொன்ன கதையை, நாங்கள் கேஸ் என்று சொல்கிற அந்தக் கதையை, இப்போது தூசு தட்டி எடுத்து, ‘நீ இயக்கத்தின் படகு ஓட்டினாய், அது குற்றம்’ என்று பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்களே, அதைப் பற்றியும் எழுதவில்லை. அதே கதைக்குத்தான் அன்றைக்கு இருக்க இடம் தந்தார்கள். அதையும் எழுதவில்லை.

கோயிலில் சிலர் என்னைக் கண்டு ஒதுங்குகிறார்கள். தங்கள் கேஸையும் யாராவது கிளறிவிடுவார்களோ என்ற பயம். எனக்கு அவர்களில் கோபமில்லை என்று எழுதத்தான் விருப்பம், ஆனால் கோபம்தான். போன வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே முன்வரிசையில் போய் நின்றேன். சுந்தரேஸ்வரி அக்கா மட்டும் பக்கத்தில் வந்து, “நீ நில்லடி பிள்ளை, ஆர் என்ன செய்யினம் எண்டு பாப்பம்” என்றார்.

சாப்பாட்டைத் தள்ளி வைக்காதீர்கள்.

உங்கள்
ஜெயமலர்

*

சிறை, டிரெஸ்டன்
20 பெப்ரவரி 2024

அன்பான மலர்,

உம்முடைய கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. குளிசை தருகிறார்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்லித்தான் தருகிறார்கள், நீர் தந்ததை விட ஒழுங்கு. சீனி குறைந்திருக்கிறது. கவலைப்படாதையும்.

இதை உமக்கு முதல் வாசிக்கப் போகும் மொழிபெயர்ப்பாளருக்கும் வணக்கம் சொல்லிவிட வேண்டும். சந்திப்பு அன்று கண்ணாடிக்குப் பக்கத்தில் கொப்பியோடு இருந்த தமிழ்நாட்டுப் பிள்ளைதான் அவ. இங்கே படித்துவிட்டு இந்த வேலை செய்கிறாவாம். நான் ‘குளிசை’ என்றபோது பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. மாத்திரை, பிள்ளை. மாத்திரைதான்.

எங்கள் அலுவலுக்கு வருகிறேன். விசாரணை ஜூலையில் தொடங்கும். இயக்கத்தில் பலவந்தமாகச் சேர்த்தார்கள், செய்ததற்கு மனம் வருந்துகிறேன் என்று சொன்னால் இரண்டு வருடத்தோடு முடியலாம், அதையும் வீட்டில் இருந்தபடியே கழிக்கலாம் என்கிறார் லிண்ட்னர் அம்மா. அப்படிச் சொல்லாவிட்டால் ஐந்து வருடம் வரை போகும். ஆரணிக்கு வருகிற வருடம் பள்ளியில் கடைசிச் சோதனை. அதற்கு முன் நான் வீட்டுக்கு வர வேண்டும். ஆகவே சொல்லப்போகிறேன். நீர் கோபிப்பீர் என்று தெரியும்.

இந்தக் குளிருக்கு உம்முடைய வலது தோள் இழுக்கும். ட்ராம் கழுவும்போது மேல் கண்ணாடிக்கு எட்டித் தேய்க்க வேண்டாம், உம்மோடு வேலை செய்கிற கீர்த்தனனிடம் சொல்லும், அவன் உயரமான ஆள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீர் சும்மா இரும். அதுதான் நீர் எனக்குச் செய்கிற உதவி.

அன்புடன்
சிற்றம்பலம்

*

லைப்சிக்
17 மார்ச் 2024

ஆரணி அப்பாவுக்கு,

சீனி குறைந்தது சந்தோசம். பிள்ளைக்குத் தடிமனும் காய்ச்சலும் வந்து மாறிவிட்டது. என் தோளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். மேல் கண்ணாடியை நான்தான் தேய்க்கிறேன். கீர்த்தனன் தேய்த்தால் கோடு கோடாக இருக்கும்.

‘சும்மா இரும்’ என்ற சொல்லை ஒரு கிழமையாக மென்றுகொண்டிருக்கிறேன். விழுங்க முடியவில்லை.

சங்கத்துத் தலைவர் ஐங்கரன் வீட்டுக்கு வந்தார். பழக்கூடையோடு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து. “அண்ணையைப் பலவந்தமாப் பிடிச்சவை எண்டு சொல்லச் சொல்லுங்கோ அக்கா. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம். சொல்லிப்போட்டு வெளியில வரட்டும்” என்றார். நான் கேட்டேன்: “ஆர் பிடிச்சது ஐங்கரன்? நீங்கள் கண்டனீங்களோ?” அவர் தோடம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்.

உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் படகில் ஏறின ஆளை ஒருவரும் பிடித்துக்கொண்டு போய் ஏற்றவில்லை.

வீட்டைச் சோதித்தபோது படங்கள் ஒட்டிய அல்பத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் எங்கள் ஏரியில் எடுத்த படமும் போய்விட்டது. காலால் மிதிக்கிற படகில், செம்மஞ்சள் மிதவை அங்கி போட்டு, இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் இருக்கிற படம். அதையும் கடல் அனுபவத்துக்குச் சாட்சியாக வைப்பார்களாக இருக்கும். நான் அன்று முழுக்க அதை நினைத்துச் சிரித்தேன். சிரித்து முடிய அழுதேன்.

வருந்துகிறேன் என்று சொல்ல முன்னர் யாருடைய வருத்தம் என்று யோசியுங்கள்.

ஜெயமலர்

*

சிறை, டிரெஸ்டன்
9 ஏப்ரல் 2024

அன்பான மலர்,

உம்முடைய கோபமும் சுகமாக இருக்கிறது என்று உம்முடைய கடிதத்தில் தெரிந்தது. நானும் சுகம். இங்கே உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை தந்திருக்கிறார்கள். சூடான இடம்.

நீதிபதிக்கு முன்னால் போன கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை என்றபடியால் எழுதுகிறேன். பலவந்தமாகப் பிடித்தார்கள் என்றேன். கடலில் ஒவ்வொரு நாளும் பயத்தில் சத்தி எடுத்தேன் என்றேன். (சத்தி என்றால் வாந்தி, பிள்ளை.) ஒவ்வொரு நாளும் வருந்துகிறேன் என்றேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும் என்று சட்டத்தரணி கேட்டதால் அந்த 1999 மாசி மாதக் கதையையும் சொன்னேன். கடற்படைப் படகு எரிந்து தாழ்ந்த பிறகு தண்ணீரில் இரண்டு சிப்பாய்கள் கிடந்தார்கள். நான் எஞ்சினை நிறுத்தாமல் படகைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, பின்பக்கத்தால் கையைக் கொடுத்து இருவரையும் தூக்கி எடுத்தேன், அடுத்த நாள் செஞ்சிலுவைக்காரரிடம் ஒப்படைத்தோம் என்றேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எதிரியைக் காப்பாற்றினவன் என்பது பெரிய விசயமாம். லிண்ட்னர் அம்மாவுக்கு நல்ல சந்தோசம்.

எல்லாம் சரியாக வரும். ஆரணியிடம் சொல்லும், அப்பா கோடை விடுமுறைக்கு வீட்டில் நிற்பார் என்று.

அன்புடன்
சிற்றம்பலம்

*

லைப்சிக்
5 மே 2024

ஆரணி அப்பாவுக்கு,

தண்ணீரில் ஆள் கிடக்கும்போது எஞ்சினை நிறுத்தாத ஓட்டி ஓட்டியே இல்லை.

நீந்திக் களைத்தவன் எதைக் கண்டாலும் பிடிக்கத்தான் வருவான். பின்பக்கத்தில்தான் எஞ்சின் இருக்கிறது, தண்ணீருக்குள் அதன் விசிறி சுழல்கிறது. எஞ்சினை ஓடவிட்டுப் பின்பக்கத்தால் ஆளை எடுத்தேன் என்றால் கரையில் மீன் பொறுக்கிற பிள்ளையும் சிரிக்கும். நிறுத்தி, எஞ்சினைத் தூக்கி வைத்து, படகை அலையோடு மிதக்க விட்டு, முன்பக்கத்துக்குக் கிட்டவாக எடுக்க வேண்டும். ஒருவர் எடுக்கும்போது மற்றவர்கள் எதிர்ப்பக்கம் போய்ப் பாரம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் சேர்ந்து தண்ணீருக்குள்தான்.

ஒவ்வொரு நாளும் சத்தி எடுக்கிற ஆளிடம் யார் படகைக் கொடுப்பார்கள்? ஆறு வருடம் சத்தி எடுத்துக்கொண்டா ஓட்டியது? நீதிபதிக்குக் கடல் தெரியாது, சரி. சொல்கிற உங்களுக்காவது தெரிய வேண்டாமா?

உங்கள் சுகத்தைக் கேட்காமல் கடிதத்தை முடிக்கிறேன். கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

ஜெயமலர்

*

லைப்சிக்
16 ஜூன் 2024

ஆரணி அப்பாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரையாவது.

என் போன கடிதத்துக்கு நீங்கள் எழுதிய பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக நீதிமன்றத்தில் இருந்து ஒரு தாள் வந்தது. மே 24ஆம் திகதிக் கடிதம் தடுத்து வைக்கப்பட்டுள்ளது, காரணம்: சாட்சியைக் குழப்பும் முயற்சி. அதில் என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இருபது வருடம் உங்களோடு சீவித்தவளுக்கு ஊகிக்க ஏலும்.

மொழிபெயர்க்கும் பிள்ளை, இனி வருவதை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயருங்கள். விளங்காத சொல் இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள், தேத்தண்ணி தந்து விளங்கப்படுத்துகிறேன்.

அந்தப் படகை ஓட்டியது நான். என் புருசன் புதுக்குடியிருப்பில் ஐஸ் லொறி ஓட்டினவர். கரையில் வந்து மீன் பெட்டிக்கு ஐஸ் கொட்டிவிட்டுப் போவார். வாழ்க்கையில் ஒருமுறை படகில் ஏறினார், அன்றைக்குத்தான் சத்தி எடுத்தார். 2011இல் இங்கே வந்து அகதி விசாரணைக்கு ரெயிலில் போகும்போது, எங்களைக் கூட்டி வந்த ஏஜென்சிக்காரன் சொன்னான்: “பொம்பிளையைச் சொல்ல விடாதேங்கோ. அவவின்ர கேஸை நீங்கள் சொல்லுங்கோ, உங்கட கேஸ் நிக்காது.” எங்கள் ஆட்கள் ஒருவர் கேஸை மற்றவர் சொல்வது புதினமில்லை. ஆரணிக்கு அப்போது நாலு வயது, என் மடியில் நித்திரை. ஒருவர் அகப்பட வேண்டி வந்தால் அது தாயாக இருக்கக்கூடாது என்று இவர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அதுதான் நாங்கள் செய்த பிழை. கதையில் பொய் இல்லை. ஆள்தான் மாறி இருந்தது.

இனி என் கேஸை நானே சொல்கிறேன். 1994இல் பதினெட்டு வயது. அம்மா சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து, வீட்டைப் பூட்டித் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைத்துவிட்டு, என் சைக்கிளில் நானாகப் போனேன். பின்னாளில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அதுவும் உண்மை. அதை என் கண்ணால் கண்டு வாய் திறக்காமல் இருந்தேன், அதற்கும் யாராவது கேட்டால் பதில் சொல்வேன். என்னை ஒருவரும் பிடிக்கவில்லை. என்னோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்த பிள்ளைகள் அந்தக் கடலுக்குள் கிடக்கிறார்கள். ‘பலவந்தம்’ என்று ஒரு சொல்லைச் சொல்லி அவர்களை விட்டுவிட்டுக் கரையேற என்னால் ஏலாது. 2000இல் தோளில் துப்பாக்கிச் சன்னம் பட்டுத்தான் படகை விட்டு இறங்கினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது உங்களுக்கும் தெரியாது.

அன்றைக்குத் தண்ணீரில் இரண்டு பேர் இல்லை. மூன்று பேர். விடிந்து வெயில் ஏறிவிட்டது. முதலாவது ஆள் எங்களை நோக்கி நீந்தி வந்தான். தூரத்தில் இன்னொரு கடற்படைப் படகு தெரிந்தது. எஞ்சினை நிறுத்தினால் திரும்ப இயங்குமோ என்று எனக்குப் பயம். நிறுத்தவில்லை. அவன் பின்பக்கத்தைப் பிடிக்க வந்தான். அதற்கு மேல் அதை எழுத மாட்டேன். அதன் பிறகுதான் நிறுத்தினேன். மற்ற இருவரையும் முறையாக எடுத்தோம். கரைக்கு வரும் வழியில் ஒருவன் மட்டும் என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினான். நான் முகத்தைத் திருப்பி எஞ்சினைப் பார்த்தேன்.

நீங்கள் ஒன்றும் தெரியாமல், ‘எஞ்சினை நிறுத்தாமல்’ என்று எழுதியிருந்தீர்கள். இருபத்தைந்து வருடமாக நான் ஒருவருக்கும் சொல்லாததை நீதிபதிக்கு முன்னால் ஒரு வீரக்கதையாகச் சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

வருந்துகிறேன் என்ற சொல் என்னிடமும் இருக்கிறது. அது அந்த ஒருவனுக்குரியது. அதை நீங்கள் என் பெயரில் எல்லாவற்றுக்குமாகப் பரவிக் கொட்ட வேண்டாம். நீங்கள் எனக்காகச் சிறையில் இருந்தீர்கள். அதைச் சாகும் வரை மறக்கமாட்டேன். ஆனால் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வாழ்ந்த வாழ்க்கையை என்னிடம் கேட்காமல் எடுத்துவிட்டீர்கள். அதைத் திருப்பித் தாருங்கள்.

இதே கடிதத்தின் பிரதியை லிண்ட்னர் அம்மாவிடமும் கொடுக்கிறேன்.

ஜெயமலர்

*

சிறை, டிரெஸ்டன்
4 ஜூலை 2024

அன்பான மலர்,

நான் சுகம். இந்தமுறை அது முறைக்கு எழுதும் வரி மட்டும்தான்.

உம்முடைய கடிதம் பதினாறு நாளில் வந்தது, இவ்வளவு கெதியாக ஒரு கடிதமும் வரவில்லை. கொண்டுவந்து தந்தது லிண்ட்னர் அம்மா. நான் வாசித்து முடியும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தடுத்த கடிதத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: என் மனிசிக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது, நான் சொல்லக் கேட்டதைப் பிழையாக எழுதியிருக்கிறா. அப்படி எழுதினதற்கு நான் வெட்கப்படவில்லை. இன்னொருமுறை அந்த ரெயிலில் ஏற்றினாலும் அதையேதான் செய்வேன். நீர் திட்டும், பரவாயில்லை.

ஆனால் அந்த மூன்றாவது ஆள். எனக்கும் நீர் சொல்லவில்லையே மலர். குசினியில் கிரைண்டரைக் கழுவ முன்னர் சுவிட்சை நிறுத்தி, வயரையும் கழற்றி, அதைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிசம் நிற்பீர். நான் எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறேன். அந்தப் பகிடி எல்லாம் இப்போது ஒன்றொன்றாகத் திரும்பி வருகிறது. என்னை மன்னியும்.

உம்முடைய வாழ்க்கையைத் திருப்பிக் கேட்டீர். இன்று காலை நீதிபதியிடம் போய் அந்தப் படகில் நான் இருக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். மிச்சத்தை அவவிடமே கேளுங்கள் என்றேன்.

பயமாக இருக்கிறது. அதையும் எழுதாமல் விட விருப்பமில்லை.

சிற்றம்பலம்

*

லைப்சிக்
27 ஜூலை 2024

அன்புள்ள அப்பா,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நான் நல்லா இருக்கிறேன். இது கடிதம் எழுத வேண்டிய முறை என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாலாம்பிகை ரீச்சர் சொல்லித் தந்தா. உண்மையில் நான் நல்லா இல்லை.

அம்மாவை வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போனார்கள். ஐந்து பேர் வந்தார்கள். அம்மா ட்ராம் வேலை முடித்து வந்து, குளித்து, தலை பின்னி, பையை அடுக்கி வைத்துக்கொண்டு இருந்தா. கதவைத் திறந்ததும் தமிழில், “சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ” என்றா. நான் மொழிபெயர்த்தேன். இரண்டு பேர் கழற்றினார்கள். மற்றவர்கள் வெளியில் நின்றார்கள்.

பிறகு நடந்ததை லிண்ட்னர் சொன்னா. நீதிபதி பெயர், பிறந்த திகதி, தொழில் கேட்டாராம். அம்மா “படகோட்டி” என்று ஜெர்மனில் சொன்னாவாம். துப்புரவுத் தொழிலாளி என்று இங்கே இருக்கிறதே என்று நீதிபதி கேட்டாராம். அம்மா, “அது இப்ப செய்யிற வேலை” என்றாவாம்.

அப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியாது என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஏரியில் நீங்கள் அம்மாவுக்குத் துடைக்கத் துவாயைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பீர்கள், அம்மா மற்றக் கரைக்குப் போய்த் திரும்பி வருவா. ஜனவரியில் பொலிஸ் என்னையும் கேட்டது. நான் ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். ஆறு மாதமாக உங்களை ஒரு கடற்சண்டைக்காரனாக நினைத்துப் பார்க்க முயற்சி செய்தேன். முடியவில்லை. எனக்கு உங்கள் இரண்டு பேரிலும் கோபம். என்னிடமும் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் செவ்வாய்க்கிழமை வருவீர்கள் என்று லிண்ட்னர் சொன்னா. இந்தக் கடிதம் அதற்குப் பிறகுதான் சிறைக்கு வரும் என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை. ஸ்டேஷனில் நிற்பேன்.

ஆரணி

*

பெண்கள் சிறை, கெம்னிட்ஸ்
8 செப்டம்பர் 2024

ஆரணி அப்பாவுக்கு,

வீட்டில் நீங்கள் இருவரும் சுகம் என்று நினைத்துக்கொண்டு தூங்குகிறேன். என் தோளுக்கு இங்கே ஒரு மருத்துவர் பயிற்சி தந்திருக்கிறார். காலையும் மாலையும் செய்கிறேன். பக்கத்து அறைப் பெண் நான் சண்டைக்கு ஆயத்தம் செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். ஒரு வகையில் உண்மைதான்.

கடிதம் மூன்று கிழமை எடுக்கும் என்று பழகின ஆளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் அதே தமிழ்நாட்டுப் பிள்ளைதான் வருகிறா. போனமுறை போகும்போது, “உடம்பப் பாத்துக்கோங்க அக்கா” என்றா. அது அவ மொழிபெயர்க்க வேண்டிய வசனம் இல்லை.

குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. லிண்ட்னர் அம்மா இரண்டு மணித்தியாலம் என்னோடு சண்டை பிடித்தார். ‘மூன்றாவது ஆளுக்குச் சாட்சி இல்லை, உடல் இல்லை, அரச வழக்கறிஞர் தரப்பிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை, நீங்கள் ஒரு கடிதத்தில் எழுதினது மட்டும்தான் இருக்கிறது, மனக் குழப்பத்தில் எழுதினேன் என்று சொல்லுங்கள், விட்டுவிடுவார்கள்’ என்றார். நல்ல மனிசி. என் நன்மைக்குத்தான் சொல்கிறார். நான் மாட்டேன் என்றேன். திரும்பக் கேட்டார். திரும்பவும் மாட்டேன் என்றேன்.

நீதிபதி, வருந்துகிறீர்களா என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். படகு ஓட்டினதற்கா? இல்லை. எங்கள் கரையில் குண்டு போட வந்தவர்களைக் கடலில் மறித்ததற்கா? இல்லை. எஞ்சினை நிறுத்தாததற்கு, ஓம். அவன் பெயரைக் கண்டுபிடித்துத் தாருங்கள், அவன் வீட்டுக்கு நான் எழுத வேண்டும் என்றேன். அவர்களுக்கு இருபத்தைந்து வருடமாக ஒரு கடிதமும் போயிருக்காது. அப்படி ஒரு கோரிக்கைக்குப் படிவம் இல்லையாம். படிவம் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள்.

குற்றப்பத்திரிகையின் பதினாலாம் பக்கத்தில், தண்ணீரில் கிடந்தவர்கள் முதலில் இரண்டு என்று இருந்ததாம். இப்போது மூன்று என்று இருக்கிறது. என் பக்கமாக ஏதாவது மாற்றுவதென்றால் அது ஒன்றுதான், அதை மாற்றிவிட்டேன். ஐந்து வருடமா ஆறு வருடமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சந்திப்புக்கு வரும்போது அழாதீர்கள். அழுதால் அரை மணித்தியாலமும் அதிலேயே போய்விடும். மேல் கண்ணாடிகளை யார் தேய்க்கிறார்கள் என்று கீர்த்தனனைக் கேட்டு எழுதுங்கள். குளிசை.

ஜெயமலர்

*

லைப்சிக்
6 ஒக்டோபர் 2024

அன்பான மலர்,

குளிசை போட்டுவிட்டேன். வாயைத் திறந்து ஆரணிக்குக் காட்டுகிறேன், சிறைப் பழக்கம். பிள்ளை சோதனைக்குப் படிக்கிறா, கோபம் பாதி ஆறிவிட்டது, மிச்சத்தை உமக்கு வைத்திருக்கிறாவாம். மேல் கண்ணாடிகளைக் கீர்த்தனன்தான் தேய்க்கிறான். கோடு கோடாகத்தான் இருக்கிறது. போன கிழமை ஒரு ட்ராமைக் காட்டி, “அக்கா வந்து பாத்தா என்னைக் கொல்லுவா” என்றான்.

ஐங்கரன் வந்து, எங்களால் எல்லாருடைய கேஸுக்கும் ஆபத்து என்றார். நான் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. “என்ர மனிசி தன்ர கேஸைத்தான் சொன்னவ. நீரும் உம்மட கேஸைச் சொல்லும்” என்றேன். இருபது வருடத்தில் நான் ஒருவருக்கு இப்படிப் பதில் சொன்னது இதுதான் முதல். நீர் கண்டிருந்தால் நம்பமாட்டீர்.

எங்கள் அகதி அனுமதியைத் திரும்பப் பார்க்கப் போகிறார்களாம். டிசம்பரில் டெர்மின், வரச் சொல்லி நாள் குறித்துவிட்டார்கள். இந்தமுறை என்னுடைய கேஸைத்தான் சொல்வேன். ஐஸ் லொறி ஓட்டினவன், படகோட்டி ஒருத்தியைக் கலியாணம் கட்டினவன். சின்னக் கேஸ்தான், நிற்குமோ தெரியாது. நிற்காவிட்டாலும் அதுதான்.

இன்னொன்று. புதன்கிழமைகளில் நீச்சல் வகுப்புக்குப் போகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கென்று தனி வகுப்பு இல்லை, சின்னப் பிள்ளைகளோடு விட்டிருக்கிறார்கள். இருபத்தைந்து மீற்றர் நீந்தினால் கடற்குதிரைப் படம் போட்ட துணிச்சின்னம் ஒன்று தருவார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் எல்லாம் எடுத்துவிட்டுதுகள். நான் நாலு மீற்றரில் நிற்கிறேன். தண்ணீர் மூக்குக்குள் போகிறது. சத்தி வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

சொல்லித் தரும் பெண் கேட்டா, இந்த வயதில் ஏன் இப்போது என்று. என் மனிசி கடலில் படகு ஓட்டினவ, இனி அவ மற்றக் கரைக்கு நீந்திப் போகும்போது துவாயோடு கரையில் நிற்க எனக்கு விருப்பமில்லை என்று சொன்னேன்.

அவ திரும்பவும் விசிலை ஊதினா. நான் இறங்கினேன்.

உம்முடைய
சிற்றம்பலம்